எட்டாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளி இலவசமா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். "எட்டாவது வரைக்கும்தான் இலவசம், ஒன்பதாவதிலிருந்து ஃபீஸ் கட்டணும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, இனி அரசுப் பள்ளியும் காசு கேட்குமோ என்று பயம் வந்திருக்கிறது. போன வருடம் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று ஒரு தொகை வாங்கினார்களாம், அது எதற்கு என்பதும் அவருடைய கேள்வி.

பயப்பட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்புக் கட்டணம் இல்லாமல் உங்கள் மகள் படிக்கலாம். ஒன்பதாவதில் எதுவும் மாறாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து, சம்பளப் பட்டியல் முதல் துடைப்பம் வாங்கிய ரசீது வரை கையெழுத்துப் போட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எட்டாவது என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று 45-ஆவது பிரிவில் எழுதினார்கள். அது வழிகாட்டும் நெறி மட்டுமே. தரவில்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றது. ஆனால் அதே தீர்ப்பிலேயே, 14 வயதுக்கு மேல் அந்த உரிமை அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டது என்றும் சொல்லிவிட்டது. 2002-இல் 86-ஆவது திருத்தம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது, அதாவது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. இந்தச் சட்டத்தின் காவல் அதோடு நின்றுவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பேச்சு பெரும்பாலும் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை எட்டாவது வரை கட்டணம் இல்லாமல் படிக்கும். ஒன்பதாவது வந்ததும் முழுக் கட்டணமும் பெற்றோர் தலையில் விழும். கூலி வேலைக்குப் போகும் ஒரு வீட்டில் திடீரென்று பல ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னால் எங்கே போவார்கள்? ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு அப்படி வந்து நின்ற பெற்றோர்களை நானே பார்த்திருக்கிறேன். "எட்டாவது வரைக்கும்தான்" என்பது அவர்களுடைய அனுபவம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

அப்படியானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எந்தச் சட்டத்தால் இலவசம்? எந்தச் சட்டத்தாலும் இல்லை. மாநில அரசின் ஆணைகளாலும், ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கும் பணத்தாலும் இலவசம். இந்த வேறுபாடு மிக முக்கியமானது, பலருக்குத் தெரியாததும்கூட. எட்டாவது வரை இருப்பது உரிமை. அதற்கு மேல் இருப்பது கொள்கை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாட்டில் யாரும் கைவிடத் துணியவில்லை என்பது நம் நற்பேறு. ஆனால் அது தானாக வந்ததல்ல.

காமராசர் 1954-இல் முதலமைச்சரானார். 1956-இல் மதிய உணவு. கல்வித் துறைப் பொறுப்பில் நெ.து.சுந்தரவடிவேலு. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் இடம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று தங்களால் முடிந்ததைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். உயர்நிலைக் கல்விக்கு அப்போது சம்பளம் கட்ட வேண்டும். பள்ளிக் கட்டணத்தைச் 'சம்பளம்' என்றே எங்கள் தலைமுறை சொல்லும். சம்பளம் கட்டாத பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும். 1960 வாக்கில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது நீக்கப்பட்டது, 1960-களின் நடுவில் பள்ளியிறுதி வகுப்பு வரை எல்லோருக்கும் நீக்கப்பட்டது. 1978-இல் மேல்நிலைக் கல்வி, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ பள்ளிக்குள் வந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டாவது வரை படிக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் ஏற்பட்டது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதன் பலனை அளவிடவே முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர், உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

இனி பணம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 44,042 கோடி. மாநிலத்தின் மொத்த வருவாய்ச் செலவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இது. ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43-ஆக வைக்கப்பட்டு, விவாதம் நடந்து, வாக்கெடுப்பில் நிறைவேறிய பிறகுதான் ஒரு ரூபாயை எடுக்க முடியும். கணக்கில் 2202 என்ற பொதுக் கல்வித் தலைப்பில் இது வரும். என்னைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு அந்த எண் வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான் பணம் பெற்று வழங்கும் அலுவலர். மாதாமாதம் அவர் தயாரிக்கும் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும், அங்கிருந்து ஆசிரியர்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் போகும்.

அரசுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். வணிக வரி, ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் மீதான வரி, பத்திரப் பதிவு, வாகன வரி, மது மீதான வரிகள், மத்திய வரிகளில் நிதிக்குழு பிரித்துத் தரும் பங்கு. வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்று நினைப்பது பெரிய தவறு. சோப்பும் எண்ணெயும் வாங்குகிற, பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார்கள். கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் படிப்பது யாரோ போட்ட பிச்சை அல்ல என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள், கணக்கில் பார்த்தாலும் அது அப்படியே உண்மை.

"டாஸ்மாக் காசில்தானே பள்ளிக்கூடம் நடக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2023-24-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். பள்ளிக் கல்விச் செலவுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். இது சரியல்ல. எந்த வரி வந்தாலும் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் ஒன்றாகக் கலந்துவிடும், அதிலிருந்துதான் எல்லாத் துறைக்கும் போகும். மதுக்கடையை மூடினால் பள்ளியை மூட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியால் சீரழிந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் நான் வகுப்பறையில் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு அதே குடியை நியாயமாகக் காட்டுவதை என்னால் பொறுக்க முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். 46,767 கோடியில் அடங்காத கல்விச் செலவுகளும் இருக்கின்றன. உங்கள் மகள் சாப்பிடும் சத்துணவு சமூக நலத் துறைக் கணக்கு. பிளஸ் ஒன்னில் கொடுக்கும் சைக்கிள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைக் கணக்கு. இலவச பஸ் பாஸுக்கு ஆகும் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தனியாக ஈடுகட்டுகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். அவையும், மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வேறு துறைகளின் கீழ் நடந்து வந்தவை.

சத்துணவையே எடுத்துக்கொள்ளுங்கள், யார் எவ்வளவு தருகிறார்கள் என்பது அதில் பளிச்சென்று தெரியும். மத்திய அரசின் திட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் பங்கு தருகிறது. ஒன்பதும் பத்தும் படிக்கும் பிள்ளை சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு முழுச் செலவும் மாநிலத்துடையது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்கி, 1984-இல் 15 வயது வரை நீட்டித்ததால் வந்தது அது. எட்டாவது முடித்த பிள்ளைக்கும் பசிக்கும் என்பதை நாற்பது வருடத்துக்கு முன்பே ஒரு மாநிலம் தன் பணத்தைப் போட்டு ஒப்புக்கொண்டது. படிப்புக்கான உரிமைச் சட்டம் இன்னும் எட்டாவதிலேயே நிற்கிறது.

மத்திய அரசுப் பணம் நின்றுவிட்டதே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன்.

1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதிலிருந்து மத்திய அரசும் பள்ளிக் கல்வியில் சட்டம் செய்யலாம், திட்டம் போடலாம். உயர்நிலைக் கல்விக்கென்று 2009-இல் மத்திய அரசு ஒரு தனித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் மத்திய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. 2015-இலிருந்து 60-க்கு 40 ஆனது. 2018-இல் இதையும் தொடக்கக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தையும் சேர்த்து சமக்ர சிக்ஷா ஆக்கினார்கள். தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி.

2024-25-இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய். அது வரவில்லை. பி.எம்.ஸ்ரீ என்ற இன்னொரு திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போட வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை வைத்தது. அதில் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுமையாக ஏற்க வேண்டும் என்று இருந்ததால் மாநிலம் மறுத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வட்டியோடு 2,291 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடர்ந்தது.

இதில் கட்சி அரசியலைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். 2,152 கோடி என்பது, அந்த ஆண்டு மாநிலம் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய 44,042 கோடியோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. நிரந்தர ஆசிரியர்களில் பெரும்பாலோரின் சம்பளம் அதிலிருந்து வரவில்லை. அதனால் இலவசக் கல்வி நின்றுவிடும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனால் அந்த ஐந்து ரூபாய் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கு என்னென்ன தேவையோ அதில் பெரும்பகுதி இதை நம்பி இருக்கிறது. பள்ளி மானியம், விளையாட்டு மானியம், நூலக மானியம், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளிகள் எல்லாம் இதில் வருபவை. மாநிலம் தன் பணத்தைப் போட்டுச் சமாளித்தாலும், எங்கோ ஓர் இடத்தில் குறைத்துத்தான் இங்கே போட முடியும். ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்துக்கான கையெழுத்தோடு கட்டிப்போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். எந்தக் கட்சி எங்கே ஆண்டாலும் இதை நான் இப்படித்தான் சொல்வேன்.

கல்விக்கென்றே நாம் தனியாகக் கட்டுகிற வரி ஒன்றும் இருக்கிறது. 2004-இல் 2 சதவீதம் தொடக்கக் கல்விக்கு, 2007-இல் கூடுதலாக 1 சதவீதம் உயர்நிலை மற்றும் உயர் கல்விக்கு என்று வரிக்கு மேல் வரியாக செஸ் விதித்தார்கள். 2018-இல் இரண்டையும் எடுத்துவிட்டு சுகாதாரம், கல்வி இரண்டுக்கும் சேர்த்து 4 சதவீதம் ஆக்கினார்கள். ஒருவர் 10,000 ரூபாய் வருமான வரி கட்டினால் கூடவே 400 ரூபாய் செஸ். செஸ் பணத்தை மாநிலங்களோடு பிரித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த 1 சதவீதத்தில் 2016-17 வரை வசூலான தொகை 83,497 கோடி ரூபாய் என்றும், அதைப் போட்டுவைக்கத் தனி நிதியம்கூட அதுவரை அமைக்கவில்லை என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. நிதியம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2017 ஆகஸ்டில்தான். பத்து வருடமாக உயர்நிலைக் கல்வியின் பெயரால் வசூல் நடந்திருக்கிறது. அந்தப் பத்து வருடமும் நான் பெஞ்சுக்கும் ஆய்வகச் சாமானுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கையைப் படித்த நாளில் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட பெற்றோர் ஆசிரியர் கழகத் தொகை. இதைப் புரிந்துகொள்ள ஒரு பள்ளியின் கைச்செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக் கல்விக்குப் போகும் பணத்தில் மிகப் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியப் பலன்கள் என்று போய்விடும். அதில் தவறில்லை, ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? ஆனால் பள்ளியின் அன்றாடச் செலவுக்குத் தலைமையாசிரியர் கையில் கிடைப்பது பெரும்பாலும் பள்ளி மானியம்தான். அது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இது ஒரு முழு ஆண்டுக்கு.

600 பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். 75,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 125 ரூபாய். இதில் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்கு என்று விதி. 7,500 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 750. அறுநூறு பிள்ளைகள், அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள், பயன்படுத்தும் கழிப்பறைக்கு பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், பிரஷ், பக்கெட் எல்லாம் இந்த 750-க்குள். மீதி 67,500 ரூபாயில் சாக்பீஸ், பதிவேடுகள், பிரிண்டர் மை, எரிந்துபோன ட்யூப்லைட், உடைந்த குழாய், ஆய்வகத்துக்கு அமிலம், குடிநீர்த் தொட்டி சுத்தம், ஆண்டு விழாவுக்கு மைக் செட். போர் மோட்டார் ஒருமுறை காயில் போய்விட்டால் தூக்கி ரீவைண்டிங் செய்து திரும்ப இறக்க ஆகும் செலவு அந்த ஆண்டின் மானியத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். மோட்டார் ஓடாத பள்ளியில் கழிப்பறையை எப்படித் திறந்துவைப்பது? பெரிய பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு வரிசையில் நிற்பார்கள். காரணம் கேட்க வேண்டியதே இல்லை. வகுப்புக்கு வராத பிள்ளை என்று வருகைப் பதிவேட்டில் விழும் சிவப்புக் குறிக்குப் பின்னால் ஒரு மோட்டார் காயில் இருக்கும்.

இரவுக் காவலர் பணியிடம் பல பள்ளிகளில் காலி. துப்புரவுக்கு உள்ளாட்சி மூலம் தரப்படும் தொகுப்பூதியத்துக்கு ஆள் கிடைப்பது அரிது. பாட ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தச் சொல்கிறார்கள். முதுகலை ஆசிரியர் என்றால் மாதம் 18,000, பட்டதாரி ஆசிரியர் என்றால் 15,000, இடைநிலை ஆசிரியர் என்றால் 12,000 ரூபாய் தொகுப்பூதியம். அதே இடத்தில் நிரந்தரமாகச் சேரும் முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டுமே 36,900 ரூபாய், அகவிலைப்படி தனி. பிளஸ் டூ இயற்பியல் நடத்த 18,000 ரூபாய்க்கு வருகிறவர் நல்லவராக இருந்தாலும், அரசு வேலை கிடைத்ததும் போய்விடுவார். அதுவும் சரியாக பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு நேரத்தில் போவார்.

இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் வாங்குகிறது. பெரும்பாலான இடங்களில் அது நேர்மையாகத்தான் செலவாகிறது. ஆனாலும் நான் அதை நியாயப்படுத்த மாட்டேன். கடம்பத்தூர் மாநாட்டுக் காலத்தில் ஊர் கொடுத்தது மனமுவந்து கொடுத்தது. வசதி உள்ளவர் அதிகம் கொடுத்தார், இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார், எந்தப் பிள்ளையின் சேர்க்கையும் அதைப் பொறுத்து இல்லை. சேர்க்கை நாளில் மேசைமேல் ரசீதுப் புத்தகத்தை வைத்து, மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து 500 ரூபாய் கேட்டால் அது நன்கொடை ஆகாது, கட்டணம்தான். 500 ரூபாய் இல்லாத தாய் அதை யாரிடமும் சொல்ல மாட்டார். அடுத்த நாள் வருகிறேன் என்று போவார். சில பேர் வரவே மாட்டார்கள். அரசு அறுபது வருடத்துக்கு முன்பு எடுத்த முடிவை ஒரு ரசீதுப் புத்தகம் அந்த மேசையிலேயே ரத்து செய்துவிடுகிறது.

ஆகவே பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால், அரசு பணம் போடவில்லை என்பதில் இல்லை. நிறையவே போடுகிறது. சம்பளத்துக்கு வெளியே போடும் பணம் மிக மெலிந்திருக்கிறது, அதை உறுதி செய்யும் சட்டமும் ஒன்பதாவதிலிருந்து இல்லை. கோத்தாரி ஆணையம் 1966-இல் நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குப் போக வேண்டும் என்றது. அதற்குப் பிறகு வந்த கொள்கைகள் எல்லாம், 2020-இல் வந்தது உட்பட, அந்த 6-ஐத் திருப்பித் திருப்பி எழுதின. நாடு அதை எட்டவில்லை. 2020 கொள்கை 3 முதல் 18 வயது வரை எல்லோருக்கும் கல்வி என்று சொல்கிறது, ஆனால் சட்டத்தைத் திருத்தி 18 வயது வரை உரிமையாக்கவில்லை. என்னைக் கேட்டால், கல்வி உரிமைச் சட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிப்பதும், பள்ளி மானியத்தைப் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலைவாசியோடு சேர்த்து உயர்த்துவதும்தான் முதலில் நடக்க வேண்டியவை. 251 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் 1,000 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் ஒரே 75,000 என்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஸ்மார்ட் வகுப்பறைகள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும்.

உதவி பெறும் பள்ளிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கலாம். நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. 1991-92 முதல் தொடங்கிய பள்ளிகளுக்கு இந்த உதவி கிடையாது. பழைய உதவி பெறும் பள்ளிகளிலும் சுயநிதிப் பிரிவுகள் இருக்கும், அவற்றில் கட்டணம் உண்டு. சேர்க்கும்போது எந்தப் பிரிவு என்று கேட்டுச் சேருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒன்பதாவதுக்குப் பள்ளி மாற வேண்டியிருந்தால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அருகிலுள்ள அரசு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளிக்குப் போங்கள். பணம் கேட்டால், கட்டாயமா என்று கேளுங்கள். கட்டாயம் இல்லை என்றால் முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கொடுக்காவிட்டால் சேர்க்க மாட்டோம் என்றால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். அதைவிட நல்லது பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் ஆவது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்க உங்களுக்கு அங்கே முழு உரிமை உண்டு. கேட்கும் பெற்றோர் இருந்த ஆண்டுகளில் எங்கள் கணக்குகள் இன்னும் சுத்தமாக இருந்தன, அதிகாரிகளிடம் சண்டை போட எனக்கும் தெம்பு இருந்தது.

மகள் இப்போது எட்டாவது என்பதால், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வை எழுதினாளா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எட்டாவதில் மட்டும்தான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது தவறிப்போனாலும், கிராமப்புறப் பள்ளி என்றால் ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இடைநிற்றலைத் தடுக்க அரசு தரும் சிறப்பு ஊக்கத்தொகை மொத்தம் 5,000 ரூபாய்.

கடைசியாக ஒன்று, பலர் தெரியாமல் இழப்பது. பத்தாவதில் நல்ல மதிப்பெண் வந்தால் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஆட்கள் வீடு தேடி வருவார்கள், கட்டணத்தில் சலுகை தருவதாகவும் சொல்வார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பிறகு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்த அதே ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ அந்த ஏழு வகுப்புகளையும் படித்த பெண்களுக்குத்தான். நடுவில் இரண்டு வருடம் மாறினால் இரண்டும் போய்விடும். அதனால் பிளஸ் ஒன்னில் அவள் விரும்பும் பாடப்பிரிவு எந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறது, அதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று ஒன்பதாவதிலேயே விசாரித்து வையுங்கள்.